மலைக்குப் போன பனைமட்டை

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு, ஏனென்றால் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள் நான். மடிப்பு மலை, எரிமலை, பீடபூமி என்று வருஷா வருஷம் வண்ணச் சாக்பீஸால் கரும்பலகையில் வரைகிறேன். வரைந்து முடித்து ஜன்னல் வழியே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் கருவேலங்காடும் உப்பளமும்தான். எங்கள் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் பாம்பன் பாலம், பள்ளிவாசல் மினாரா, செல்போன் டவர். நானும் மதுரைப் பக்கம் போகும்போது பஸ் ஜன்னலில் ஒன்றிரண்டு குன்றுகளைப் பார்த்தவள், அவ்வளவுதான். ஏறியதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் மலை ஏறுவதில் நிபுணர் ஒருவர் இருந்தார். என் அக்கா புருஷன். அக்காவை நாங்கள் லாத்தா என்போம், அவள் புருஷனை மச்சான் என்போம். மச்சான் சபுராளி, அதாவது கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிறவர். கல்யாணமான சூட்டோடு வளைகுடாவுக்கு டிரைவராகப் போனவர், பாதி ஆயுளை அங்கேயே கழித்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். அத்தரும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார். அவற்றை வீடு வீடாகக் கொடுத்து முடித்ததும் மலைக் கதையை எடுப்பார்.

அங்கே மலை என்றால் புல் பூண்டு இல்லாத மொட்டை மலையாம். பாதையே கிடையாதாம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை ஒற்றைக் கையால் ஒடித்து உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவாராம். பின்னால் உட்கார்ந்திருக்கிற அரபி பயத்தில் கண்ணை மூடிக்கொள்வாராம், மச்சான் மட்டும் பேரீச்சம்பழம் தின்றபடி சுற்றிப் பார்ப்பாராம். நாங்களும் வாயைப் பிளந்து கேட்போம். மலையைப் பார்க்காத ஊரில் மலைக் கதைக்குக் கிராக்கி அதிகம்.

லாத்தாவுக்கு மட்டும் கதையோடு ஒரு வாக்கும் கிடைக்கும். ஊரோடு வந்ததும் உன்னை ஒரு மலை உச்சிக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். லீவில் வந்தால் ஒரு தடவை யாருக்காவது கல்யாணம், ஒரு தடவை சுன்னத்து, இன்னொரு தடவை மௌத்து, யாராவது இறந்திருப்பார்கள். லீவு முடிந்துவிடும், மலை அங்கேயே கிடக்கும்.

போன வருஷம் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் வாரம் பிரியாணியும் விருந்துமாகப் போனது. அதற்குப் பிறகுதான் மனுஷனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. வீடு அவர் இல்லாமலே ஓடப் பழகிவிட்டது. மோட்டார் போடலாம் என்று எழுந்தால் தொட்டி நிறைந்திருக்கும். சிலிண்டர் சொல்லலாம் என்று போனை எடுத்தால் லாத்தா முந்தின நாளே சொல்லியிருப்பாள். மகளைக் கட்டிக்கொடுத்ததில் இருந்து மாடி எடுத்தது வரை எல்லாம் அவள் நின்று பார்த்தது. அவர் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் உப்பு டப்பா எது என்று அவரே கேட்க வேண்டியிருந்தது. சோபாவில் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் விசா ஏஜெண்டுக்குப் போன் போட ஆரம்பித்தார். இன்னும் ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

லாத்தா என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் எதற்கும் அழுகிறவள் இல்லை. அன்றைக்குக் கண் கலங்கியிருந்தது.

"அவுக மறுபடியும் பொட்டியக் கட்டப் போறாகடி. இங்கன தன்னால ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கிறாக. அந்த மலைய மட்டும் ஒரு தடவ ஏறி எறங்கட்டும். மனசு நின்னுரும். நீயும் கூட வா. ஆனா வாயத் தொறக்காத."

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். என் வாய் ஊரறிந்த வாய். எங்கள் தலைமையாசிரியர் என்னிடம் ஏதாவது சொல்வதென்றால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வார். ஆனாலும் லாத்தாவின் முகத்தைப் பார்த்து, திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உச்சிப்புளியில் மச்சானின் சேக்காளி ஒருவரிடம் பழைய ஜீப் இருந்தது. சீசனில் சுற்றுலாக்காரர்களைக் கடற்கரை மணலில் ஏற்றிக்கொண்டு சுற்றும், மற்ற நாளில் ஐஸ் பெட்டியும் மீனும் சுமக்கும். கழுவித்தான் கொடுத்தார், ஆனாலும் இருக்கைக்குள் இருந்து சாளை மீன் வாசம் போகவில்லை. சாவியோடு மூன்று புத்திமதியும் கொடுத்தார். டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் வண்டியை நிறுத்தக் கூடாது, நின்றால் புதைந்துவிடும். புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட, பச்சைப் பனைமட்டை ஒரு கட்டு கையில் இருக்க வேண்டும்.

மூன்றும் மணலில் ஓட்டுவதற்கு உள்ள விதிகள். எங்கள் கரையில் பிறந்த எவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மலை என்பது பாறை, பாறைக்குள் வண்டி புதையாது என்று எட்டாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. மச்சான் அந்த மூன்றையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். வளைகுடாவில் பாறை மலையையே ஒற்றைக் கையால் ஏறியவருக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. கேட்க முடியாது, வாக்குக் கொடுத்திருந்தேன்.

தெருவே கூடி வழியனுப்பியது. மலையைக் கண்ணால் பார்க்காத அத்தனை பேரும் மலையைப் பற்றி யோசனை சொன்னார்கள். மேலே காற்றே இருக்காது, வாயால் மூச்சு விடுங்கள் என்றார் ஒருவர். இஞ்சி மிட்டாய் போதாது, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போங்கள் என்றாள் எதிர்வீட்டு மாமி. மச்சான் எல்லாருக்கும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே கூரைக் கம்பியில் பனைமட்டைக் கட்டை ஏற்றிக் கயிற்றால் இறுக்கினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் ஒரு வேலை செய்வதை லாத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

விடியும் முன் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். நிறுத்தாமல் ஓட்டுவது என்ற விதியை மச்சான் தார் ரோட்டிலேயே பழக ஆரம்பித்துவிட்டார். கமுதியில் லாத்தா தேத்தண்ணி கேட்டாள், நிற்கவில்லை. அதற்கு அப்பால் நான் வேறொரு அவசரத்தைச் சொன்னேன், அதற்கும் யோசித்துத்தான் நின்றார். தேனிப் பக்கம் நெருங்கும்போது வானத்தின் ஓரத்தில் நீலமாக ஒன்று நீண்டு கிடந்தது. மழை மேகமா என்று லாத்தா கேட்டாள். இல்லை, அதுதான் மலை என்று சொன்னேன். இத்தனை வருஷம் நான் கரும்பலகையில் வரைந்தது இவ்வளவு பெரியதா என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. மச்சானின் கையைப் பார்த்தேன், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அடிவாரத்து லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஏறினோம். உச்சிக்குப் போகிற பாதை ஒரு எஸ்டேட்டுக்குள் புகுந்து போகிறது. வாசலில் காவல்காரர் ஒருவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரைமேல் இருந்த மட்டையைப் பார்த்ததும், மேலே பந்தல் போடப் போகிறீர்களா என்று கேட்டார். புதைந்தால் போடுவதற்கு என்றார் மச்சான். காவல்காரர் பாறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினார்.

யானை நடமாட்டம் இருக்கிறது, மட்டையை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள், முடிந்தால் மேலே பழகிய டிரைவர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். மச்சானுக்குச் சுருக்கென்றது. யானை எங்களுக்குப் புதுசில்லை, எங்கள் பக்கம் கோயில் யானை தெருவில் நடந்து போகும், பிள்ளைகள் தலையில் தும்பிக்கை வைக்கும் என்று பெரிய விளக்கம் கொடுத்தார். வண்டி நகர்ந்ததும் எங்களிடம், குடிசைக்குக் கூரை போட அவனுக்கு ஓசி மட்டை வேண்டுமாம், யாரிடம் விளையாடுகிறான் என்றார். அந்தக் கோயில் யானைக்கு முன்னால் எப்போதும் பச்சை மட்டை குவிந்து கிடக்கும். நாங்கள் மூன்று பேரும் எத்தனையோ தடவை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

பாதை என்று ஒன்று அங்கே இல்லை. மழைத் தண்ணீர் அரித்துப்போட்ட பள்ளமும் ஆட்டுக்கல் அளவுக்குப் பாறைகளும் கிடந்தன, அதன்மேல் போக வேண்டும். பாதிக் காற்று டயரில் வண்டி தொளதொளவென்று ஆடியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இருக்கைக்குள் இருந்து மீன் வாசம் ஒரு தடவை எழுந்து அடங்கியது. எதிரே ஒரு ஜீப் இறங்கி வந்தது. அதன் டிரைவர் விளக்கைப் போட்டுக் காட்டினார், கையைக் காட்டினார். மச்சான் நிறுத்தினால்தானே. கடைசியில் அந்த ஆளே வண்டியைப் பின்பக்கமாக மேலே எடுத்துப்போய் ஒரு ஓரத்தில் ஒதுங்கினார். நாங்கள் கடக்கும்போது தலையை நீட்டித் திட்ட வந்தவர், கூரையைப் பார்த்ததும் திட்டாமல் சிரித்துவிட்டார். பார்த்தியா, ஓட்டுறதப் பார்த்து அசந்துட்டான் என்றார் மச்சான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது.

அடுத்த வளைவில் வண்டி ஒரு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. நின்றதோடு விடவில்லை, பின்னால் நழுவ ஆரம்பித்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை, மரங்களின் உச்சி மட்டும் கால் மட்டத்தில் தெரிந்தது. குதித்து இறங்கி ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். வண்டி நின்றது. லாத்தா உள்ளே கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொதஞ்சிருச்சு. மட்டைய எறக்கு, டீச்சரு" என்றார் மச்சான்.

பாறைமேல் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கைப்பிடி மண் இல்லை. அல்லாஹ்வே, அன்றைக்கு நான் விழுங்கிய வார்த்தைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷப் பாடம் நடத்தலாம். பேசாமல் போய்க் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தேன். அப்போதுதான் பக்கத்தில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. லாத்தா என் துப்பட்டாவைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

வந்தது ஒற்றை யானை. கோயில் யானைக்கு இருக்கிற நெற்றிப்பட்டமோ மணியோ கிடையாது, கூட ஒரு பாகனும் கிடையாது. உடம்பெல்லாம் செம்மண். எங்களை அது பார்க்கவே இல்லை. நேராகக் கூரைக்குப் போனது. ஒரு மட்டையை உருவியது, காலில் போட்டு மிதித்துக் கிழித்தது, தின்றது. அடுத்ததை உருவியது. இராமநாதபுரத்தில் இருந்து கட்டிக்கொண்டுவந்த சோற்றை அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் வண்டி மொத்தமும் ஆடியது, கல்லை விட்டு நழுவிவிடக் கூடாதே என்று நான் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் கண்ணை இறுக்க மூடியிருந்தார். கதையில் அரபி கண்ணை மூடிய மாதிரியேதான். லாத்தா அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டு முடிந்ததும் கூரையை ஒரு தடவை தடவிப் பார்த்தது. வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வந்த வழியே போய்விட்டது.

மச்சானுக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. அந்த நேரத்தில் நாங்கள் வழியில் பார்த்த ஜீப்காரர் திரும்பி ஏறி வந்தார். கீழே காவல்காரரிடம் எங்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறார், யானை அந்தப் பக்கம் இறங்குகிறது என்று காவல்காரர் சொன்னதும் சிரிப்பு நின்று வந்துவிட்டார். வந்தவர் பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். தன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு எங்கள் ஜீப்பில் ஏறினார், ஒரு கையில் போனில் பாட்டு வைத்துக்கொண்டே ஓட்டினார், வளைவுக்கு வளைவு வெளியே துப்பினார். ஆனால் வண்டி ஏறியது.

வளைகுடா டிரைவர் என்று லாத்தா சொன்னதைக் கேட்டு, அங்கே மலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தே ஓட்டுவீர்களா, எந்த வண்டி ஓட்டினீர்கள் என்று அவர் மச்சானிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டார். பின்பலகையில் லாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் குனிந்தபடியே சொன்னார்.

"வீட்டு வண்டி. பிள்ளைகள ஸ்கூல்ல விட்டுட்டுக் கூட்டிட்டு வாரது. மேடத்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போறது. மலையத் தூரத்துல பார்த்திருக்கேன்."

இத்தனை வருஷக் கதைக்கும் சேர்த்து மச்சானைக் கேட்க என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. வாக்குக் கொடுத்ததற்காக இல்லை. அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான். லாத்தா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உச்சியில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தெரியாத மலையைப் பின்னணியில் வைத்து ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. தார்ப்பாய் போட்ட கடையில் நூடுல்ஸும் முட்டையும் விற்றார்கள். ஒரு மனுஷர் கீழே ஆபீசுக்குப் போன் போட்டு, காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று குளிரில் நடுங்கிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார், நடிப்பே தேவைப்படவில்லை. லாத்தா இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, கடல் எந்தப் பக்கம் என்பதுதான். நானும் புவியியல் ஆசிரியை என்கிற மிடுக்கில் கிழக்கே கையைக் காட்டினேன். அந்தப் பக்கமும் பனிதான்.

மச்சான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. லாத்தா போய் ஜீப்காரரைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பினாள். பிறகு மச்சானை முன்னால் வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்காரச் சொன்னாள். எதற்கு என்றார். சும்மா உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தார். போனை என்னிடம் நீட்டிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். எடுத்தேன். பனிக்கு நடுவில், மலை உச்சியில், ஸ்டீயரிங்கோடு மச்சான். பக்கத்தில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு லாத்தா. அங்கிருந்தே, யானை வந்ததையும் எழுதி, குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டாள்.

நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் மச்சான் வீரராகிவிட்டார். ஒற்றை யானை இரண்டானது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருவதற்குள் கூட்டமானது. உண்மையா என்று எல்லாரும் என்னிடம்தான் வந்து கேட்டார்கள், நான் பூசி மெழுகுகிறவள் இல்லை என்பதால். லாத்தா என்னைப் பார்ப்பாள். ஆமாம், மச்சான்தான் ஓட்டினார் என்பேன். ஏஜெண்டுக்குப் போகிற போன் நின்றது. மச்சான் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார். லாத்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மலை வேலை செய்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லாத்தா வீட்டில் இருந்தபோது ஏஜெண்டே வீடு தேடி வந்தார். அந்தப் போட்டோ அவர் போனுக்கும் போயிருந்தது. வளைகுடாவில் மலைக்குள் ரோடு போடுகிற கம்பெனிக்கு டிரைவர் வேண்டுமாம். கரடுமுரடான பாதை, பழகாதவன் ஓட்ட முடியாது, உங்களைப் போல் ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதும் என்றார். மச்சான் முகம் வெளுத்துவிட்டது. இல்லை என்று சொன்னால் ஊருக்கு முன்னால் பொய்யனாக வேண்டும். சரி என்று சொன்னால் அந்த மலை. வாயைத் திறந்தார், சரி என்று சொல்லத்தான் போகிறார் என்பது எனக்கே தெரிந்தது.

லாத்தா தேத்தண்ணித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். வெளி ஆண்கள் இருக்கும்போது அவள் கூடத்துக்கு வருகிறவளே இல்லை.

"அவுகளுக்கு மலையில ஓட்டத் தெரியாது" என்றாள்.

ஏஜெண்ட் சிரித்தார். போட்டோவைக் காட்டினார். லாத்தா சிரிக்கவில்லை. மச்சான் அவளைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்துபோனேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார், தூக்கிக்கொண்டு வந்த மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி.

"ஆமா. தெரியாது. அது நின்ன வண்டியில உக்காந்து எடுத்த போட்டோ" என்றார்.

ஏஜெண்ட் அதற்கும் அசரவில்லை. அவர் தொழில் அப்படி. பரவாயில்லை, வீட்டு டிரைவர் வேலையும் ஒன்று கையில் இருக்கிறது, மலையெல்லாம் இல்லை, சமதரை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

லாத்தா தட்டை அவருக்கு முன்னால் வைத்தாள்.

"சமதரையில ஓட்டுறதுக்கு எதுக்குக் கடல் தாண்டணும்?" என்றாள். "இங்கன உள்ளதெல்லாம் சமதரைதான்."